வாசல் படம்

கட்டிலுக்கடியில் இனி ஒரு பார்சலுக்கும் இடமில்லை. அக்கா தைத்து, பூனை மடித்துக் கட்டி அனுப்பிய தலையணை உறைகள் எல்லாம் போன சூட்டோடு திரும்பி வந்திருந்தன.

தங்கைக்குப் பூனை என்று பெயர் வைத்தது அத்தான்தான். நடந்தாலும் சத்தமில்லை, பேசினாலும் சத்தமில்லை. போன் அடித்தால் அடுத்த அறைக்குப் போய்விடுவாள்.

"நம்ம கடைக்குப் பெரிய கஸ்டமரே நாமதான் போல" என்றார் அத்தான், பார்சல்களுக்கு நடுவே கால் வைக்க இடம் தேடியபடி.

"நக்கல் பண்ண இதுவாங்க நேரம்?" அக்கா போனை மேசையில் கவிழ்த்தாள்.

அவர்கள் கடை போட்டிருக்கும் ஆன்லைன் தளத்திலிருந்து எச்சரிக்கை வந்திருந்தது. வாங்கிய பெண்மணி ஒருத்தி புகார் கொடுத்திருக்கிறாள். டெலிவரி ஆகிவிட்டது என்று காட்டுகிறதாம், கைக்கு வரவில்லையாம், இது திருட்டுக் கடையாம். வெள்ளிக்கிழமைக்குள் அவளாகப் புகாரை வாபஸ் வாங்காவிட்டால் கடையை மூடிவிடுவார்கள். 'திருட்டு' என்ற சொல்லைத் தாண்டி அக்காவால் படிக்க முடியவில்லை.

"பார்சல் நம்ம கட்டிலுக்கடியில கிடக்கு. டெலிவரி ஆயிடுச்சுன்னு எவன் சொன்னான்?"

அழைப்பு மணி அடித்தது. பார்சல்காரர். மறுபடியும் மூன்று. பூனை வழக்கம்போலத் தலையைக் குனிந்தபடி வாங்கக் கை நீட்டினாள். அவரோ பார்சல்களைக் கீழே வைத்து, போனை எடுத்து, வாசலோடு சேர்த்து ஒரு படம் பிடித்தார்.

முன்பெல்லாம் திரும்பி வரும் பார்சலில் வீடு பூட்டியிருந்தது என்றோ, ஆள் இல்லை என்றோ மேலே எழுதி வரும். இவள் கையெழுத்துப் போடுவாள். இவற்றில் அப்படி எதுவும் எழுதவில்லை. அவர் கையெழுத்தும் கேட்பதில்லை.

அவர் படியிறங்கிவிட்டார்.

"அண்ணே... படம் எதுக்கு?"

"அட, உனக்குப் பேச வருமா?" அவர் திரும்பினார். "டெலிவரி பண்ணா போட்டோ எடுக்கணும்மா. ரிட்டர்னுக்குத்தான் கையெழுத்து."

"இது ரிட்டர்ன் இல்லையா?"

"இல்லையே. உங்க அட்ரஸ்தானே பெருசா ஒட்டியிருக்கு? ஆபீஸ்ல அதைப் பார்த்துத்தான் பிரிப்பாங்க. என்னடா இந்த வீட்டுல இப்படி வாங்கித் தள்ளுறாங்கன்னு நானே நினைச்சேன்."

பார்சலின் நடுவில், ரோஜாப்பூ வளையத்துக்குள், அக்கா ஆசை ஆசையாக அச்சடித்த கடை ஸ்டிக்கர். பெயர், தெரு, கதவு எண் எல்லாம் கொட்டை எழுத்தில். வாங்குபவரின் முகவரி ஒரு மூலையில் எறும்பு ஊர்ந்ததுபோல ஒண்டிக் கிடந்தது.

பூனை உள்ளே போய்ச் சொன்னாள். அக்கா முகம் சுருங்கிப் போனது.

"என் ஸ்டிக்கரா? ஒரு ரோலே மிச்சம் இருக்கேடி!"

"அந்தப் புகாரை முழுசாப் படிச்சியாக்கா?"

பூனையே போனை நிமிர்த்தினாள். புகாரின் அடியில் டெலிவரி ஆனதற்குச் சாட்சியாக ஒரு படம் இருந்தது. அதில் இவர்கள் வாசல், பார்சல், பக்கத்தில் அத்தானின் பிய்ந்துபோன செருப்பு.

"மூஞ்சி தெரியலையே, நல்லவேளை" என்றார் அத்தான்.

அக்கா சிரிக்கவில்லை. "அவகிட்ட யார் பேசுறது? நான் பேசினா சண்டையாயிடும்."

அத்தான் வாயைத் திறந்தார். "நீங்க சும்மா இருங்க" என்றாள் அக்கா. மிச்சமிருந்தது ஒருத்திதான்.

பூனை அடுத்த அறைக்குப் போனாள். இந்த முறை போனோடு. எதிர்முனையில் அந்தப் பெண்மணி எடுத்த எடுப்பிலேயே பொரிந்து தள்ளினாள். பூனை அவளை முழுக்கப் பேசவிட்டு, பிறகு சொன்னாள்: "அந்தப் படத்துல இருக்கிறது எங்க வீட்டு வாசல்ங்க. செருப்பு எங்க அத்தானோடது."

"அந்தப் பிஞ்ச செருப்பா?" அந்தப் பக்கம் சிரிப்பை அடக்குவது கேட்டது. "சரிம்மா, அனுப்பு. கைக்கு வரட்டும், பார்க்கலாம்."

அன்றே அவளுடைய பார்சலைப் பிரித்துக் கட்டினார்கள். மேலே அந்தப் பெண்மணியின் முகவரி மட்டும், பூனையின் கையால், பட்டையான பேனாவில். இவர்கள் முகவரி பின்பக்கம் பொடி எழுத்தில். ரோஜாப்பூ ஸ்டிக்கரை அக்கா தூக்கிப் போடவில்லை. தலையணை உறைக்குள் வைத்துக் கட்டினாள்.

வெள்ளிக்கிழமை மதியம்வரை யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. சாயங்காலம் போனில் படம் வந்தது. பச்சைக் கதவு, கோலிக்குண்டுபோலப் பளபளக்கும் பித்தளைப் பிடி, கீழே பார்சல். செருப்பு எதுவும் இல்லை.

கொஞ்ச நேரம் கழித்துப் புகாரும் வாபஸ் ஆகியிருந்தது. அக்கா குனிந்து, கட்டிலுக்கடியிலிருந்து அடுத்த பார்சலை இழுத்தாள்.