ராதாகிருஷ்ணன் ஏன் சிரித்தார்

...சிரித்தார், அதில் சந்தேகமே இல்லை, மீசை இரண்டு பக்கமும் ஏறி இறங்கியது, தோள் குலுங்கியது, பக்கத்திலிருந்த பொருளாளர் இராஜம்மா ஃபைலைத் தூக்கி வாயை மறைத்துக்கொண்டு ஏதோ சொன்னார், அதற்கு மறுபடியும் சிரித்தார்... காலைக் கூட்டத்தின் படத்தை எட்டாவது தடவையாகப் பார்க்கிறேன், ஃபோன் கையில் சூடாகிவிட்டது, கொமுட்டர் ரயில் கேஎல் சென்ட்ரலை விட்டுக் கிளம்பி அங்காசாபுரியைத் தாண்டிவிட்டது, கிள்ளான் போய்ச் சேர இன்னும் முக்கால் மணி நேரமாவது ஆகும், அதற்குள் எனக்கு இது தெரிந்தாக வேண்டும். நான் என்ன அப்படி வேடிக்கையாகச் சொல்லிவிட்டேன்? மூன்று காட்சிகளிலும் கைமொழியில் பெயர்ப்பவர் நடிகர்களோடு சேர்ந்து மேடையில் நடந்து வர வேண்டும், மூலையில் சின்ன விளக்கின் கீழே நட்டுவைக்கக்கூடாது, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மட்டும் காது கேளாதவர்களுக்கான சிறப்புக் காட்சி என்ற பேச்சே வேண்டாம், முடியாதென்றால் உங்கள் மண்டபமும் வேண்டாம், நாடகத்தைத் தூக்கிக்கொண்டு போய்விடுவேன்... இவ்வளவுதான் என் கை சொன்னது. நாடகத்துக்கு இன்னும் மூன்று வாரம்தான் இருக்கிறது, பிரிக்ஃபீல்ட்ஸில் வேறு மண்டபம் கிடைக்காது, எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். ஆனாலும் மிரட்டினால் மனிதன் முகம் சுருங்குமா, சிரிப்பானா? மண்டபத் தலைவர் ராதாகிருஷ்ணன் என்னைப் பார்த்து நீளமாக ஏதோ பேசினார், பிறகு சிரித்தார், எல்லாம் முடிந்த பிறகு எனக்குக் கைமொழியில் பெயர்த்துச் சொல்லும் அஃப்ரின் கையைத் தூக்கி நான்கே அசைவில் சொன்னாள், யோசித்துச் சொல்கிறாராம்.

யோசித்துச் சொல்கிறாராம்! இருபது விநாடி பேசிய மனிதன் சொன்னது அவ்வளவுதானா? எண்ணிப் பார்த்துவிட்டேன், இருபது விநாடி. சரி, நான் பேசியதாவது முழுசாகப் போய்ச் சேர்ந்ததா? என் கை பதினைந்து விநாடி பேசியிருக்கிறது, அஃப்ரினின் தாடை அசைந்தது ஏழு விநாடி. கையின் நீளமும் வாயின் நீளமும் ஒன்றாக இருக்காது, பட்டறைக்குப் பட்டறை நானே இதை ஊருக்கெல்லாம் சொல்லிக்கொடுக்கிறவள், ஆனாலும் பாதிக்குப் பாதியா? வாயைப் பார்த்தால் தெரிந்துவிடும், ஆனால் பேசும்போது அவர் பக்கம் திரும்பிவிடுகிறாள், ஃபோனில் விழுந்திருப்பது அவள் முக்காட்டின் ஓரம் மட்டும். ராதாகிருஷ்ணனின் உதட்டைப் படிக்கலாமென்றால் அந்த மீசை... மீசைக்காரர்கள் எனக்குப் பரம்பரை விரோதிகள், அரசாங்கம் எதற்கெல்லாமோ சட்டம் போடுகிறது, இதற்கு ஒன்று போடக்கூடாதா? கூட்டம் என்றால் மேஜை ஓரத்தில் தண்ணீர் போத்தலில் ஃபோனைச் சாய்த்துவைத்துப் படம் எடுத்துவிடுவேன், எல்லாரிடமும் சொல்லிவிட்டுத்தான், கையால் பேசியதற்கு வேறு என்ன சாட்சி இருக்கிறது? ஆனால் இந்தச் சாட்சிக்கும் என்னிடம் பேசத் தெரியவில்லை.

அஃப்ரினைச் சந்தேகப்படலாமா, படுபாவி என்று என்னையே திட்டிக்கொள்கிறேன், திட்டிக்கொண்டே சந்தேகப்படுகிறேன். ஆறு வருஷமாக என் வாய் அவள்தான், என் காதும் அவள்தான். என்னைவிட அழகாகக் கைமொழி பேசுவாள், நான் ஒன்பது வயதில் காய்ச்சலில் காதைத் தொலைத்துவிட்டுப் பிறகு கற்றுக்கொண்டவள், அவளுக்கோ அதுதான் முதல் மொழி, அப்பா முத்து முகம்மது காது கேளாத தையல்காரர், அம்மாவுக்கும் கேட்காது, ஐந்து வயதிலேயே கடையில் ஸ்டூல்மேல் ஏறி நின்று வாடிக்கையாளர் சொல்வதையெல்லாம் அப்பாவுக்குக் கையால் சொல்வாளாம். ஒருநாள் ஒத்திகை இடைவேளையில் தேத்தாரே குடித்துக்கொண்டே அதை ஒரு பெரிய வேடிக்கையாகச் சொன்னாள், வாயும் கையும் சேர்ந்தே பேசின. "ஒரு ஆன்டி வந்து கத்துறாங்கக்கா, ரவிக்கையைக் கெடுத்துட்டான், இவனுக்கு எவன் கத்திரியைக் கொடுத்தான்னு. வாப்பா என் மூஞ்சியையே பாக்குறாரு. நான் சொல்லிட்டேன், ரொம்ப அழகா தச்சிருக்கீங்களாம், கொஞ்சம் மட்டும் டைட்டா இருக்காம் லான்னு!" எல்லாரும் கையை உயர்த்தி ஆட்டி ஆட்டிச் சிரித்தோம், எங்கள் கைதட்டல் அதுதான். நானும்தான் ஆட்டினேன், கெட்டிக்காரப் பிள்ளை என்று அன்றைக்குத் தோன்றியது. இன்றைக்கு அதே கதையை மறுபடி எண்ணிப் பார்க்கிறேன். ஐந்து வயதில் அப்பாவுக்குச் செய்தவள் முப்பது வயதில் எனக்குச் செய்யமாட்டாளா? காலையில் மண்டபத்து வாசலில் பிரியும்போது என்னை வழக்கத்தைவிட இறுக்கிக் கட்டிப்பிடித்தாள், எதற்கு? ஓகேதான் அக்கா, கவலைப்படாதீங்க என்று இரண்டு தடவை சொன்னாள், நான் ஒரு தடவைகூடக் கேட்கவில்லையே. இதில் இன்னொரு வில்லங்கமும் இருக்கிறது, அவள் சர்க்கரை தடவுகிறவள் என்றால் இந்த ஆறு வருஷப் பாராட்டு? நாடகம் முடிந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுத அந்தக் காஜாங்காரர், அமைச்சரகத்திலிருந்து வந்த அதிகாரி, உங்கள் நாடகத்தைப் பார்த்து ஒரு வாரம் தூங்கவில்லை என்ற பெண், எல்லாரும் அவள் கை வழியாகத்தானே எனக்கு வந்தார்கள்? ஒரு கல்லை உருவினால் மொத்தச் சுவரும் சாய்ந்துவிடுமே.

எல்லாம் முழுசாகத் தெரிய வேண்டும் என்ற இந்தப் பைத்தியம் எனக்குப் பிடித்ததே சாப்பாட்டு மேஜையில்தான். பண்டமாரான் வீட்டில் அப்பா, அம்மா, அண்ணன் ராஜன், பிறகு அண்ணன் கட்டிக்கொண்டு வந்த லெட்சுமி அண்ணி, எல்லாரும் பேசிப் பேசிச் சிரிப்பார்கள், எதற்குச் சிரிக்கிறீர்கள் என்று அம்மாவின் கையைத் தொட்டுக் கேட்டால், ஒன்றுமில்லை சாப்பிடு, அப்புறம் சொல்கிறேன். அந்த அப்புறம் வரவே வராது. இருபது வருஷம் மீன் முள்ளை எடுத்துக்கொண்டே அவர்கள் பல்லைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதைத்தான் மூன்று வருஷத்துக்கு முன் நாடகமாகப் போட்டேன், மேடையில் ஒரு குடும்பம் வாயசைத்துச் சிரிக்கும், சத்தமே வராது, காது கேட்கிறவர்கள் விழிப்பார்கள், கேளாதவர்களுக்கு மட்டும் எல்லாம் கைமொழியில் புரியும். கேட்கிறவர்களும் ஒருநாள் முழித்துப் பார்க்கட்டுமே என்ற ஆத்திரம்தான், கலை என்று பத்திரிகைக்காரர்கள் எழுதினார்கள். அண்ணி முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். விளக்கு வந்ததும் எழுந்து வந்து, எனக்குப் புரிய வேண்டும் என்றே ஒவ்வொரு வார்த்தையாக உதட்டைப் பிரித்துக் கேட்டாள். "நாங்க உன்னை அப்படியா வச்சிருந்தோம் குமுதா?" ஆமாம் என்று தலையாட்டினேன். அன்றோடு பேச்சு நின்றது. தீபாவளிக்கு அண்ணன் ஃபோனிலிருந்து ஒரு விளக்குப் படம் வரும், அவ்வளவுதான்.

பெட்டாலிங்கில் ஏறிய ஓர் ஆன்டி என் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து தோளைத் தட்டினார், ஏதோ கேட்டார், வாய் நிறைய வெற்றிலை, ஒன்றும் புரியவில்லை, நான் தலையாட்டினேன். உடனே பெரிய சந்தோஷத்தோடு இரண்டு கனத்த பாசார் பைகளையும் என் மடியில் தூக்கி வைத்துவிட்டுக் கைப்பையைக் குடைய ஆரம்பித்துவிட்டார். ஓஹோ, கேள்வி இதுதானா! முருங்கைக்காய் கன்னத்தில் இடிக்கிறது, தாங்கிக்கொண்டிருக்கிறேன், தலையாட்டிவிட்டேனே. காது கேளாத எங்கள் எல்லாருக்கும் இருக்கும் வியாதி இது, புரியவில்லை என்று சொன்னால் மறுபடி கேட்பார்கள், மறுபடியும் புரியாது, மூன்றாவது தடவை அவர்கள் முகத்தில் ஒரு சலிப்பு வரும், அதைப் பார்க்க முடியாமல் முதல் தடவையே தலையாட்டிவிடுவோம். என் நடிகர்களைப் பார்த்துக் கத்துகிறேன், புரியாமல் தலையாட்டுகிறவர்களுக்கு என் மேடையில் இடமில்லை என்று... என்று... இரு. பையைச் சரித்துக்கொண்டு ஃபோனை எடுத்தேன், மறுபடி ஓட்டினேன். எட்டுத் தடவையும் அவர் மீசையையும் அஃப்ரின் முக்காட்டையும்தான் பார்த்திருக்கிறேன், மேஜையின் இந்தப் பக்கம் இருப்பவளைப் பார்க்கவே இல்லை. ராதாகிருஷ்ணன் பேசுகிறார், அஃப்ரினின் கை இன்னும் மடியில்தான் இருக்கிறது, பச்சைச் சேலை கட்டிய அந்தப் பெண் அவர் முகத்தையே பார்த்துத் தலையாட்டுகிறாள். ஒன்று. இரண்டு. இராஜம்மா ஃபைலைத் தூக்கிவிட்டு எதையோ சொல்லும்போது மூன்றாவது தடவை, லேசாகப் புன்னகை வேறு. அந்தப் பெண் நான்தான்.

நான் எதற்குத் தலையாட்டினேன்? மூலை விளக்குக்கா, ஞாயிற்றுக்கிழமைக் காட்சிக்கா? அதனால்தான் சிரித்தாரா, இவ்வளவு சுலபமாக மடங்கிவிட்டாளே என்று? இதற்குள் ஒப்புக்கொண்டாள் என்று எழுதி மற்ற கமிட்டி ஆட்களுக்கு அனுப்பியிருப்பாரா? சாலாக் செலாத்தானிலிருந்தும் ஜெஞ்சாரோமிலிருந்தும் அறுபது பேர் வேன் பிடித்து வரப்போகிறார்கள், வெள்ளிக்கிழமையே, முதல் காட்சிக்கே, மற்றவர்களோடு சேர்ந்து உட்காரலாம் என்று நான் சத்தியம் செய்ததை நம்பி வருகிறார்கள். அஃப்ரின் நான் தலையாட்டியதைப் பார்த்தாளே, ஏன் என் கையைத் தட்டி நிறுத்தவில்லை? யாரிடம் கேட்பது? அஃப்ரினிடம் கேட்டால் அந்தப் பதிலும் அவள் கை வழியாகத்தான் வரும். அண்ணன் மகளிடம் இந்தப் படத்தைக் கொடுத்தால் அத்தை மனம் நோகும் என்று பாதியை விழுங்கிவிடும். நண்பர்கள் எல்லாரும் நல்லவர்கள், அதுதான் பிரச்சினையே. என்மேல் பிரியம் இருக்கிறவர் யாரும் இதற்கு உதவமாட்டார்... அப்போதுதான் தோன்றியது, என்னைப் பிடிக்காத ஆள் வேண்டும். என்னைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிற ஆள், போட்டு உடைக்கிற ஆள். ஐந்து நிமிஷம் யோசித்தேன், செத்தியா ஜெயாவில் அந்த ஆன்டி பைகளை எடுத்துக்கொண்டு என் கன்னத்தைக் கிள்ளிவிட்டு இறங்கிப் போனார், நான் லெட்சுமி அண்ணிக்குப் படத்தை அனுப்பிவிட்டேன். கீழே எழுதினேன், "அண்ணி, இதுல மீசைக்காரரும் அந்த அம்மாவும் பேசுறதை எல்லாம் எழுதி அனுப்புங்க. ஒரு வார்த்தை விட வேணாம். எனக்கு வேற ஆள் இல்லை."

நீலக் குறி உடனே விழுந்தது. துறைமுகத்தில் லோரி கம்பெனி ஆபீசில் உட்கார்ந்திருப்பாள், மத்தியான நேரம், காதில் மாட்டிக்கொண்டு கேட்பாள், கேட்கட்டும், படம் நான்கு நிமிஷம்தான். சுபாங் ஜெயா ஸ்டேசன். எழுதிக்கொண்டிருக்கிறார் என்று காட்டியது, நின்றது. பத்து தீகா. எழுதிக்கொண்டிருக்கிறார், நின்றது. நேராக அடிப்பாள், எனக்குத் தெரியும், உனக்கு இது வேணும்டி என்று தொடங்குவாள், நானும் அதற்குத் தயாராகத்தான் இருந்தேன். ஷா ஆலாம் வந்தபோது ஃபோன் அதிர்ந்தது. "கேட்டேன் குமுதா. எங்க இருக்கே? ரயில்லயா? கிள்ளான் ஸ்டேசன்லயே இரு, நான் காடி எடுத்துட்டு வரேன். வீட்டுக்கு வா லா, நேர்ல சொல்றேன். சாப்டியா?"

சாப்டியா? மூன்று தடவை படித்தேன். மூன்று வருஷமாக நான் இருக்கிறேனா செத்தேனா என்று கேட்காத அண்ணி, சாப்பிட்டாயா என்று கேட்கிறாள், வேலையைப் போட்டுவிட்டுக் காடியை ஓட்டிக்கொண்டு வருகிறாளாம். திட்டியிருந்தால் தேவலாம். இந்தப் பாசத்தைப் பார்த்துத்தான் பயம் வந்தது எனக்கு. மண்டபம், மூலை, ஞாயிற்றுக்கிழமை, இதற்கெல்லாம் அண்ணி இரங்கமாட்டாள், அதெல்லாம் அவளுக்குப் பொருட்டே இல்லை. அவர்கள் பேசியது நாடகத்தைப் பற்றி இல்லை. என்னைப் பற்றி. என் முகத்துக்கு நேரே, நான் தலையாட்டிக்கொண்டிருக்கும்போதே. அந்த இருபது விநாடியை மறுபடி ஓட்டினேன், இந்தத் தடவை அஃப்ரினின் மடியை மட்டும் பார்த்தேன், இரண்டு கையும் ஒன்றை ஒன்று பிடித்துக்கொண்டிருந்தன, எழவேகூடாது என்று பிடித்து வைத்திருப்பதுபோல. பிறகு விட்டுவிட்டு எழுந்து அந்த நான்கு அசைவு. அப்படியானால் அவள் என்னை ஏமாற்றினாளா? ஏமாற்றினாள்தான், பெயர்க்க வந்தவளுக்கு விழுங்க என்ன உரிமை, நாளைக்கே கேட்கப்போகிறேன், சண்டை போடப்போகிறேன்... அண்ணி இப்போது செய்வது மட்டும் என்ன? என்னைப் பிடிக்காதவளுக்கே அதை எழுத விரல் வரவில்லையே.

"நேர்ல வேணாம் அண்ணி. இங்கயே எழுதுங்க, இப்பவே, அவங்க சொன்னது அப்படியே." அனுப்பிவிட்டேன். படித்துவிட்டாள். பாடாங் ஜாவாவில் கதவு திறந்து மூடியது. பிறகு எழுதிக்கொண்டிருக்கிறார் என்று வந்தது, இந்தத் தடவை நிற்கவில்லை, புக்கிட் பாடாக் வரைக்கும் நிற்கவில்லை, ஏதோ நீளமாக எழுதுகிறாள், நான் கேட்டபடியே ஒன்று விடாமல் எழுதுகிறாள் போலிருக்கிறது, எழுதட்டும், இதற்காகத்தானே இத்தனை வருஷம் ஊரோடு மல்லுக்கு நின்றேன், எங்களுக்கும் எல்லாம் தெரிய வேண்டும், நல்லதும் கெட்டதும்... இன்னும் எழுதுகிறாள். அண்ணி அதில் ஒரு வரியை, அந்த மோசமான ஒரே ஒரு வரியை மட்டும் விட்டுவிடமாட்டாளா என்று இருந்தது எனக்கு.