மூடியாச்சா?

எங்கள் வீட்டில் இரண்டு நாய்கள். பெரியது ராட்வைலர். அறை அறையாகப் போய் மோப்பம் பிடித்த பிறகே ஓரிடத்தில் உட்காரும். அதனால் அதன் பெயர் மேனேஜர். யாரோ வளர்க்க முடியாமல் கைவிட்டதை மனைவி கொண்டுவந்தாள். சின்னது கல்யாணத்துக்கு முன்பே என்னோடு இருந்தது. வெள்ளை முடி, இடது கண் பார்வை இல்லை, வயது அதிகம், கோபம் அதைவிட அதிகம். பொட்டலம் என்று பெயர்.

வம்பை இழுப்பது எப்போதும் பொட்டலம்தான். ஒருமுறை மேனேஜர் திருப்பிக் கடித்தது. பொட்டலத்தின் முதுகில் தையல் விழுந்தது. அன்றிலிருந்து இரண்டும் ஒரே வீட்டில், ஆனால் ஒரே அறையில் இல்லை.

"பொட்டலம் கடிச்சா மருந்து போடலாம். இவன் கடிச்சா குழி தோண்டணும்," என்றாள் மனைவி. "இவன் கெட்டவன் இல்ல. வாய் பெரிசு, அவ்வளவுதான்."

விதி அவள் போட்டது. மேனேஜரைப் பின்னறையிலிருந்து அழைத்து வருபவர் கதவைத் திறக்குமுன் "மூடியாச்சா?" என்று கேட்க வேண்டும். மற்றவர் பொட்டலம் சமையலறைக்குள் இருப்பதைக் கண்ணால் பார்த்து, வெளியே தாழ்ப்பாள் போட்டு, "மூடியாச்சு" என்று சொல்ல வேண்டும். மேனேஜருக்கும் அது பழகிவிட்டது. பதில் வரும்வரை உட்கார்ந்திருக்கும். வந்ததும் எழும்.

அவள் காய்ச்சலில் போனாள். நாய்க்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. ஆனாலும் துக்கம் கேட்க வந்தவர்கள் மேனேஜரைப் பார்த்துத்தான் தலையை ஆட்டினார்கள்.

அதன்பின் கேள்வியும் நான், பதிலும் நான். தாழ்ப்பாள் போட்டுவிட்டு வந்து, கதவருகே நின்று கேட்டு, நானே சொல்வேன். மேனேஜர் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்க்கும். வேறு வழியில்லாமல் எழும்.

ஞாயிற்றுக்கிழமை மனைவியின் அண்ணன் வேனோடு வந்தார். கூடவே கொழுந்தியாள், மனைவிக்கு அடுத்துப் பிறந்தவள்.

"எத்தனை நாளைக்கு மாப்ள இந்த ஜெயிலர் உத்தியோகம்?" என்றார் மச்சான். "பெரிசை நம்ம கோடவுன்ல கட்டிடுவோம். திருடன் அந்தத் தெருவுக்கே வரமாட்டான்."

"கட்டியே வெச்சா வெறி ஏறும், மச்சான்."

"அதுக்குத்தானே கட்டுறது."

"அண்ணி உங்களயும் கட்டித்தான் வெச்சிருக்காங்க," என்றாள் கொழுந்தியாள். "இன்னும் யாரையும் கடிக்கலையே."

"நீ போய் டீயப் போடு." என் பக்கம் திரும்பினார். "ரெண்டையும் ஒத்த ஆளா சமாளிப்பேன்னா சொல்லு, பேச்ச விட்டுடறேன். முடியாதுன்னா இன்னிக்கே ஏத்திக்கிட்டுப் போறேன்."

"சமாளிப்பேன்."

மேனேஜரை வெளியே விட வேண்டிய நேரம். பொட்டலத்தை நான் முன்பே சமையலறையில் அடைத்திருந்தேன். பின்னறைக்குப் போய் மேனேஜருக்குக் கழுத்துப்பட்டை மாட்டினேன். மூடிய கதவுக்கு இந்தப் பக்கமிருந்து, பழக்கத்தில் கேட்டேன்.

"மூடியாச்சா?"

"மூடியாச்சு."

அதே குரல். அக்கா தங்கை இருவருக்கும் ஒரே குரல் என்பது புதிதில்லை. போனில் பலமுறை ஏமாந்திருக்கிறேன். மேனேஜர் துள்ளி எழுந்தது. அவள் போனபிறகு அது அப்படி எழுந்ததே இல்லை. உடம்பே ஆட வாலை ஆட்டியது.

நான் போய்ப் பார்க்கவில்லை. திறந்தேன்.

பொட்டலம் மச்சானின் நாற்காலிக்கு அடியில் இருந்தது. வெளியே பாய்ந்து மேனேஜரின் உதட்டைக் கவ்வியது. அடுத்த கணம் மேனேஜரின் வாயில் பொட்டலத்தின் தலை.

மச்சான் நாற்காலியைத் தூக்கினார்.

"அடிக்காதீங்க. அடிச்சா இன்னும் இறுக்கும்."

இழுத்தால் சதை கிழியும். மேனேஜரின் முதுகுக்கு இருபுறமும் கால் வைத்து நின்று, பட்டையைப் பிடித்து முறுக்கி மேலே தூக்கினேன். மூச்சு முட்டினால் வாய் திறக்கும் என்று மனைவி சொல்லித் தந்திருந்தாள். திறக்க நேரமானது. திறந்தது. கொழுந்தியாள் பொட்டலத்தைத் துண்டில் அள்ளினாள். மேனேஜரைப் பின்னறையில் பூட்டிவிட்டு ஓடினோம்.

காதில் பாதி போய்விட்டது. கழுத்தில் ஆழமான தையல். "பிழைச்சுக்கும்," என்றார் கால்நடை மருத்துவர். "இன்னொரு தடவை தாங்காது."

வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம்.

"பாத்துட்டா சொன்ன?" என்று கேட்டேன்.

"இல்ல அத்தான்." கொழுந்தியாளின் கையில் ரத்தம் காய்ந்திருந்தது. "அக்கா போன்ல பேசறப்போ நடுநடுவுல அப்படிச் சொல்லுவா. நீங்க கேட்டதும் வாயில வந்துடுச்சு. டீ போடக் கதவத் திறந்தப்ப அது வெளிய வந்தத நான் கவனிக்கல."

நான் லிஃப்ட் பராமரிப்புப் பொறியாளன். கதவு மூடாமல் லிஃப்ட் நகராது. அதற்கு ஒரு சுவிட்ச் உண்டு; யார் குரலையும் நம்புவதில்லை.

"உன்மேல தப்பில்ல. நான் போய்ப் பாத்திருக்கணும்."

மச்சான் சாவியைக் கையில் உருட்டிக்கொண்டிருந்தார். "இப்ப என்ன சொல்ற மாப்ள? பெரிசை ஏத்திடவா?"

"மேனேஜர் எங்கயும் வரல."

"இதுக்கு அப்புறமுமா?"

"அதனாலதான். உங்க கோடவுன்ல யாரு கதவப் பாப்பா?"

அவர் சாவியைச் சட்டைப்பையில் போட்டார்.

"ஒத்த ஆளா ரெண்டையும் என்னால முடியாது. பொட்டலத்த யார் வேணா வளக்கலாம்." கொழுந்தியாளைப் பார்த்தேன். "நீ எடுத்துட்டுப் போ."

"அது உங்க நாய், அத்தான்."

"ஆமா."

அவள் அழுதாள். எனக்கு வரவில்லை. "இடது பக்கமிருந்து தொடாத," என்றேன். "கண்ணு தெரியாது. பயந்து கடிச்சிடும்."

என்னை வாசலில் இறக்கிவிட்டு வேன் போனது. பொட்டலம் மயக்கத்தில் இருந்தது. இறங்குமுன் அதன் தலையைத் தடவியிருந்தேன். அதற்குத் தெரிந்திருக்காது.

வீட்டில் டீ ஆறிக் கிடந்தது. தரையைத் துடைத்தேன். பொட்டலத்தின் தட்டைக் கழுவிக் கவிழ்த்தேன். சமையலறைக் கதவைத் திறந்தேன். கூடம், படுக்கையறை, எல்லாவற்றையும் திறந்தேன். கடைசியாகப் பின்னறை.

மேனேஜர் நிலைப்படிக்கு உள்ளே உட்கார்ந்திருந்தது. உதடு வீங்கியிருந்தது.

"வா," என்றேன்.

வரவில்லை. என்னைத் தாண்டி, சமையலறைப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது. காது முன்னால் மடிந்திருந்தது.

ஒரு வார்த்தை சொன்னால் எழுந்துவிடும். இனி எதையும் மூட வேண்டியதில்லை என்று அதற்குச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. நிலைப்படியைத் தாண்டி உள்ளே போய் அதன் பக்கத்தில் உட்கார்ந்தேன்.