எட்டு வாக்கியம் கொள்ளும் மேகசின்

எங்கள் பல்கலைக்கழகத்தில் மனுக்களைக் கைத்துப்பாக்கியால்தான் கொடுக்க வேண்டும். ஒரு தோட்டாவுக்கு ஒரு வாக்கியம். துப்பாக்கி அரைத் தானியங்கி வகை. விசையை ஒருமுறை இழுத்தால் ஒரு வாக்கியம் போகும், அடுத்தது தானாக மேலேறி நிற்கும். வாக்கியம் எந்தச் சுவரில் பதிகிறதோ அந்தக் கட்டடம் அதன்படி நடக்கும். பல்கலைக்கழகத்தைப் பொறுத்தவரை அது பதிவாளர் அறையின் மேற்குச் சுவர். நடுவில் ஒரு வாக்கியம் சிக்கினால் அதுவும் அதற்குக் கீழே இருப்பவையும் திரும்பப் பெறப்பட்டதாகக் கொள்ளப்படும். அடுத்த வாய்ப்பு அடுத்த ஜூலையில்.

இதிலெல்லாம் எனக்கு ஆட்சேபணை இல்லை. என் ஆட்சேபணை மேகசின் விஷயத்தில். துப்பாக்கியின் பிடிக்குள் செருகும் தகரப் பெட்டிக்குத்தான் அந்தப் பெயர். எட்டுத் தோட்டாக்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அதில் காத்திருக்கும், அடியில் ஒரு ஸ்பிரிங் அவற்றைத் தள்ளிக்கொண்டிருக்கும். துப்பாக்கியோடு கம்பெனி கொடுத்த மேகசின்கள் மூன்று. மூன்றும் ஆண்கள் விடுதிகளில் இருக்கின்றன. பெண்கள் விடுதி பிற்பாடு கட்டப்பட்டதாம், அதனால் நாங்கள் வெளியில் யாராவது செய்ததை வாங்கிக்கொள்ள வேண்டுமாம். என்ன நியாயம் என்று கேட்டால் இதுதான் நியாயம் என்கிறார்கள்.

பதினோரு ஆண்டுகளாக எங்கள் விடுதி ஒரே மனுவைச் சுட்டுவருகிறது. அதன் நான்காவது வாக்கியம் இது: 'மாலை ஆறரை மணிக்கு மூடப்படும் வாயிலை எட்டு மணி வரை திறந்து வைக்க வேண்டும்.' பதினோரு முறையும் அங்கேதான் சிக்கியது. சுவரில் இன்றும் பார்க்கலாம். வணக்கம். நாங்கள் பெண்கள் விடுதி மாணவிகள். தங்கள் கவனத்துக்கு ஒன்றைக் கொண்டுவருகிறோம். இதே மூன்றும் பதினோரு வரிசை. அந்தக் கட்டடம் எங்களை மிகுந்த கவனத்தோடு பார்த்துக்கொண்டிருக்கிறது. நாங்கள் என்ன கேட்கிறோம் என்பதுதான் அதற்குத் தெரியாது.

"வெளிச்சரக்குன்னா அப்படித்தாம்மா" என்பார் அலுவலகக் கண்காணிப்பாளர் நஞ்சப்பன், ஒவ்வொரு ஆண்டும்.

என் அறைத்தோழி பர்வீன் பாசிகளை ஆராய்கிறாள். அவற்றை மாலை ஏழரைக்கு அளக்க வேண்டும். அவள் உள்ளே அடைபட்டிருக்கும் அந்த நேரத்தில் ஆய்வகத்து ஆண் ஒருவன் அளந்து தருகிறான். அளந்தவன் பெயர்தான் முதலில் வர வேண்டுமென்று இரண்டு கட்டுரைகள் அவன் பெயரில் வந்துவிட்டன. மிச்சம் இருப்பது அவளுடைய ஆய்வேட்டின் முக்கிய அத்தியாயம். இந்த ஜூலையிலும் சிக்கினால் அதுவும் அவனுடையது.

நான் விடுதியின் பழைய சோதனைக் குறிப்பேட்டை எடுத்துப் படித்தேன். ஒவ்வொரு ஜூனிலும் புது மேகசினை மெஸ்ஸுக்குப் பின்னால் முந்நூறு முறை சுட்டுப் பார்த்திருக்கிறார்கள். ஒருமுறைகூடச் சிக்கவில்லை. எந்த வாக்கியத்தைச் சுட்டார்கள் என்று பார்த்தேன். 'வணக்கம்.' முந்நூறும் வணக்கம். நான்காவது வாக்கியத்தைச் சோதித்துப் பார்க்க யாரும் தங்கள் சுவரைக் கொடுக்கவில்லை, கொடுத்தால் அந்தக் கட்டடம் எட்டு மணி வரை திறந்து கிடக்குமே. மெஸ் சுவர் இன்றும் சாப்பிட வருகிறவர்களுக்கெல்லாம் வணக்கம் சொல்கிறது.

வணக்கம் குட்டைத் தோட்டா. வழுக்கிக்கொண்டு மேலேறும். நான்காவது வாக்கியம் நீளமானது, மூக்கு கூரானது. எதைச் சுடப்போகிறோமோ அதைச் சுட்டுப் பார்க்காமல் மேகசினைக் குறை சொல்வதில் அர்த்தமே இல்லை என்று விடுதிக் கூட்டத்தில் முக்கால் மணி நேரம் வாதிட்டேன். யாரும் மறுக்கவில்லை. அது எனக்குக் கொஞ்சம் ஏமாற்றமாக இருந்தது.

கோயம்புத்தூர் கணபதியில் ரெஜினா அக்கா பம்புசெட்டுகளுக்கு ஸ்பிரிங் செய்கிறார். கேட்பவர்களுக்கு மேகசினும் செய்கிறார். பர்வீனும் நானும் போனோம். மூன்று மேகசின்களை மேசையில் வைத்தார்.

"சுட்டுப் பாருங்க கண்ணு."

"எங்கே அக்கா சுடுவது? இது பதிந்தால் உங்கள் பட்டறை எட்டு மணி வரை மூடாது."

"எம்பொருளு நல்லாருக்குதான்னு எனக்குத் தெரிய வேண்டாமா? அந்தச் சுவத்துல சுடு."

பர்வீன் நகப்பூச்சால் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண் போட்டாள். ஒவ்வொன்றிலும் முழு மனுவை நாற்பது முறை சுடுவதென்று வைத்துக்கொண்டோம். முதலாவது நாற்பதையும் முடித்தது. இரண்டாவது முப்பது முறை போய், முப்பத்தோராவதில் நான்காவது வாக்கியத்தில் சிக்கியது.

கம்பெனிக்காரர்கள் இப்படிப்பட்ட நேரத்தில் என்ன சொல்வார்கள் என்று எனக்குத் தெரியும். நீ பிடித்த விதம் சரியில்லை என்பார்கள், உன் வாக்கியம் சரியில்லை என்பார்கள். ரெஜினா அக்கா மேகசினை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். மேல் விளிம்பில் தோட்டாவைப் பிடித்திருக்கும் இரண்டு உதடுகளில் ஒன்றை விரலால் தடவினார்.

"என் தப்பு. இந்த உதடு ஒரு மசுரளவு உள்ள வந்துருச்சு. உன் வாக்கியத்து மேல ஒண்ணும் இல்ல."

என் வாக்கியத்தைப் பற்றி இதுவரை யாரும் அப்படிச் சொன்னதில்லை. அவர் உதட்டை நிமிர்த்தி, நசுங்கிய வாக்கியத்தைக் குப்பைக் கூடையில் போட்டுவிட்டு, "முப்பதை விட்டுரு. மொதல்ல இருந்து எண்ணு" என்றார். பர்வீன் மறுபடி ஒன்றிலிருந்து எண்ணினாள். அது நாற்பதும் போனது. மூன்றாவதும் நாற்பது. ஆக, நான்காவது வாக்கியம் பட்டறைச் சுவரில் நூற்று ஐம்பது முறை பதிந்தது. மூன்று நாள் ஆயிற்று. மூன்றாம் நாள் பட்டறைத் தண்ணீர்த் தொட்டியில் பாசி பிடித்திருந்தது. இந்த ஆண்டு பர்வீனுக்காக மாற்றி எழுதிய எங்கள் ஆறாவது வாக்கியம் பாசியைப் பற்றியது. பர்வீன் குனிந்து பார்த்து, நல்ல இனம் என்றாள்.

ஜூலை ஏழாம் தேதி பதிவாளர் அறைக்குப் போனோம். பதிவாளர் காதில் பஞ்சு வைத்துக்கொண்டு கோப்பு பார்த்துக்கொண்டிருந்தார். நஞ்சப்பன் சுவரோரம் நின்றார்.

"இந்த வருசமும் வெளிச்சரக்குதானா?"

"ஆமாம் சார்."

"வேண்டாம்மா. ஆம்பளப் பசங்க விடுதியில கேட்டு கம்பெனி மேகசின் வாங்கி வச்சிருக்கேன். உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்." மேசை இழுப்பறையிலிருந்து எடுத்து நீட்டினார். பளபளவென்று முத்திரையோடு இருந்தது.

"இதில் நான்காவது வாக்கியத்தைச் சுட்டுப் பார்த்திருக்கிறீர்களா சார்?"

"அதுல எதுக்கும்மா பாக்கோணும்? கம்பெனியோடது."

"முத்திரையா சார் தோட்டாவைத் தள்ளுகிறது? ஸ்பிரிங்தானே தள்ளுகிறது?"

"உங்கிட்டப் பேசி செயிக்க முடியாது" என்று அவர் பர்வீன் பக்கம் திரும்பினார். "நீ சொல்லும்மா. உன் படிப்புதான போகுது."

அதுவும் உண்மைதான். போனால் போவது அவளுடையது, என்னுடையது வெறும் வாதம். பர்வீன் கம்பெனி மேகசினைக் கையில் வாங்கி, எடை பார்ப்பதுபோல் வைத்திருந்தாள். பிறகு திருப்பிக் கொடுத்தாள்.

"ரெண்டாம் நம்பரப் போடுடி."

"அதுதான் சிக்கியது."

"சிக்குனதுதான். அதுதான் எழுபது தடவ போயிருக்கு, எங்க தப்பு இருக்குன்னு பாத்துத் திருத்தியும் இருக்கு. மத்த ரெண்டும் நாப்பதுதான். இதோ இது," என்று கம்பெனி மேகசினைக் காட்டினாள், "ஒண்ணுகூட இல்ல."

இரண்டாம் எண்ணைச் செருகினேன்.

வணக்கம் போயிற்று. நாங்கள் யார் என்பது போயிற்று. கவனத்துக்குக் கொண்டுவந்ததும் போயிற்று. விரலை எடுத்து மறுபடி வைத்தேன். நான்காவது, ரெஜினா அக்கா நிமிர்த்திய உதட்டின் வழியே, கதவைத் திறந்துவிட்டதுபோல் மேலேறிப் போய்ச் சுவரில் பதிந்தது. பின்னால் காரணங்கள் நான்கும் போயின. எட்டும் முடிந்து துப்பாக்கி வாய் திறந்து நின்றது. நஞ்சப்பன் தூரிகையால் காரைத் தூளைத் தட்டிவிட்டு, நான்காவது வரியை விரல் வைத்துப் படித்தார்.

"இதத்தான் இத்தன வருசமா கேட்டீங்களா?" என்றார். ஆணை எழுத உட்கார்ந்தார்.

அன்றிலிருந்து வாயில் எட்டு மணிக்கு மூடுகிறது. பர்வீன் ஏழரைக்குத் தன் பாசிகளைத் தானே அளக்கிறாள்.

போன வாரம் ரெஜினா அக்காவிடமிருந்து அஞ்சலட்டை வந்தது. பட்டறையில் இப்போது தினமும் எட்டு மணி நூற்று ஐம்பது முறை வருகிறதாம். கடைசி எட்டு மணி வந்த பிறகுதான் ஷட்டர் இறங்குகிறதாம். முதல் நாற்பதில் பம்புசெட் வேலை முடிகிறது, அடுத்த நாற்பதில் மேகசின்கள், மிச்சத்தில் தூங்கி எழுந்துவிடுகிறேன் என்று எழுதியிருந்தார். அடுத்த மனு என்னவென்று கேட்டிருந்தார், அதன் நீளத்துக்கு உதடு வைக்க வேண்டுமாம்.

சனிக்கிழமை போகிறோம். எழுபதாவது எட்டு மணிக்கு வரச் சொல்லியிருக்கிறார், அப்போதுதான் கூட்டம் இருக்காதாம்.