கெஸ்லரா, ஹார்ட்வெல்லா

என் தம்பி டூயிக்கு வாய் நீளம். துப்பாக்கிக் கடைக்குப் போகும் வழி முழுக்கத் தன் லாரியில் என்னை உட்கார வைத்துக்கொண்டு ஒரே நிபந்தனையைத் திரும்பத் திரும்பச் சொன்னான்.

“இங்க பாரு அக்கா. ஏழு கஜ தூரத்துல பேப்பர் தட்டு. துப்பாக்கி நடுவுல சிக்கி நிக்காம, அஞ்சு குண்டும் தட்டுல விழணும். விழலைன்னா வீட்டை வித்துட்டு எங்க பின்ரூமுக்கு வந்துடணும். பேச்சு மாறக்கூடாது.”

“டேய், நான் உனக்கு மூத்தவ.”

“அதனாலதான் சொல்றேன். வயசாகுது.”

போன மாதம் யாரோ ஒருவன் என் சமையலறைக் கதவை உதைத்துத் திறந்திருந்தான். எதையும் திருடவில்லை. என் நாற்காலியில் உட்கார்ந்து, நான் சுட்டு வைத்திருந்த பெக்கான் கொட்டைக் கேக்கில் பாதியைத் தின்றுவிட்டுப் போயிருந்தான். ஷெரிஃபின் போலீஸ்காரர் செம்மண் பாதையில் தடுமாறி வந்து சேர ஒரு மணி நேரம் ஆனது. அன்றிலிருந்து நான் ஒழுங்காகத் தூங்கவில்லை. ஆனாலும் அந்த வீடு என்னுடையது. விவாகரத்துக்குப் பிறகு ஒவ்வொரு வேலிக்கம்பத்தையும் நானே நட்டேன். ஊரார் நிலத்துக்கு வேலி போட்டுத்தான் பிழைக்கிறேன். டூயியின் பின்ரூமில் அவனுடைய இரட்டை வால் பையன்களோடு குடியிருப்பதற்குப் பதில் கோழிக்கூண்டில் படுப்பேன்.

ஆர்வில் கான்ட்டின் கடைக்குள் நுழைந்ததுமே சண்டை ஆரம்பித்துவிட்டது. எங்கள் ஒக்லஹோமாவில் பிறக்கும்போதே எந்தக் கம்பெனி லாரி, எந்தக் கம்பெனித் துப்பாக்கி என்று எழுதிவைத்துவிடுகிறார்கள். எங்கள் அப்பா ஹார்ட்வெல் ஆள். அதனால் டூயியும் ஹார்ட்வெல்.

“கெஸ்லர் நல்லாருக்கும்னு சொல்றாங்களே?” என்று வாய் தவறிக் கேட்டுவிட்டேன்.

“கெஸ்லரா? அது பிளாஸ்டிக்! அதுல தண்ணி ஊத்திப் பசங்க விளையாடலாம். அப்பா காதுல விழுந்தா கல்லறையில புரண்டு படுப்பாரு!”

ஆர்வில் சிரித்தார். “எனக்கு ரெண்டும் ஒண்ணுதாம்மா. நான் ஹார்ட்வெல், என் பொண்டாட்டி கெஸ்லர். முப்பது வருஷமா ஒரே கட்டில்தான்.”

டூயி கண்ணாடிப் பெட்டியில் இருந்த ஒன்றைத் தட்டிக் காட்டினான். உள்ளங்கைக்குள் அடங்கும் குட்டி ஹார்ட்வெல்; பிடி இளஞ்சிவப்பு.

“சின்னக் கைக்குச் சின்னத் துப்பாக்கி. பையில போட்டுக்கலாம்.”

“லிப்ஸ்டிக்கும் இதோட இலவசமா?” என்றேன். ஆனாலும் சுட்டுப் பார்க்க வாங்கிக்கொண்டேன். பார்க்க அழகாகத்தான் இருந்தது, சனியன்.

கடைக்குப் பின்னால்தான் சுடும் கூடம். வாடகைக்கு எடுத்துச் சுட்டுப் பார்த்துவிட்டு வாங்கலாம். காதை மூடிக்கொண்டு, கண்ணாடி மாட்டிக்கொண்டு, தட்டை நோக்கி விசையை அழுத்தினேன். அம்மாடி! கோவேறு கழுதை உதைத்த மாதிரி கை எரிந்தது. முதல் குண்டு கூரைப்பக்கம் போனது. இரண்டாவது எங்கே போனதென்று கடவுளுக்கே வெளிச்சம். மூன்றாவதோடு துப்பாக்கி நின்றுவிட்டது. வெளியே தெறித்து விழவேண்டிய காலித் தோட்டா மேல்பக்கத் திறப்பில் மாட்டிக்கொண்டு செங்குத்தாக நின்றது. எங்கள் ஊரில் இதற்குப் புகைக்கூண்டு என்று பேர்.

காது மூடியிருந்ததால் டூயி தொண்டை கிழியக் கத்தினான். “சரி! கெஸ்லரையும் பாத்துடு! அப்புறம் மூட்டை கட்டு!”

ஆர்வில் கொடுத்த கெஸ்லர் முழு அளவு. கனமாக இருந்தது. பயந்துகொண்டே முட்டைக் கூடையைப் பிடிப்பதுபோல் பிடித்தேன். உதை என்னவோ பாதிதான். ஆனால் இரண்டாவது குண்டிலேயே மறுபடியும் புகைக்கூண்டு. கதவைப் பூட்டி, சாவியை யாரோ ஒருவன் கையில் கொடுத்துவிட்டு, லாரியில் ஏறி உட்காரும் காட்சிகூட மனசில் வந்துபோனது.

டூயிக்கோ குஷி தாங்கவில்லை. “பாத்தியா? பிளாஸ்டிக்! குடு, நான் காட்டறேன்!”

கெஸ்லரைத் தொடுவதே தீட்டு என்பதுபோல் இரண்டு விரலால் வாங்கினான். சிக்கிய தோட்டாவை உதறிவிட்டு, செத்த எலியை வாலைப் பிடித்துத் தூக்குகிற மாதிரி ஒற்றைக் கையில் தொங்கவிட்டுச் சுட்டான். டப்! புகைக்கூண்டு! வெற்றி பெற்றவனாய்க் குதித்தான்.

நான் துப்பாக்கியைப் பார்க்கவில்லை. அவன் மணிக்கட்டைப் பார்த்தேன். குண்டு வெளியேறும்போது அது ஈரத்துணி மாதிரி பின்னால் மடங்கியது. என் மணிக்கட்டும் அப்படித்தான் மடங்கியிருக்கும்! கை விட்டுக்கொடுத்தால் காலித் தோட்டாவை வெளியே தள்ளத் துப்பாக்கிக்கு வலு கிடைக்காது. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். நாங்கள் அக்காவும் தம்பியும் சேர்ந்து கூடத்தைத் திட்டிக்கொண்டிருந்தோம்.

வேலிக்கம்பத்துக்குக் குழி தோண்டும் இஞ்சின் எனக்குப் பழக்கம். அதைத் தளர்வாகப் பிடித்தால் பாறையில் பட்டதும் ஆளையே சுழற்றி எறிந்துவிடும். உடம்பை முன்னால் சாய்த்து, முழங்கையை இறுக்கி, மணிக்கட்டைப் பூட்டவேண்டும். தினமும் அதைச் செய்கிறவள் இங்கே வந்து புது மணப்பெண் மாதிரி நிற்கிறேனே!

“தள்ளுடா!” என்று கத்தினேன்.

சிக்கிய தோட்டாவைத் தட்டிவிட்டு இரண்டு கையாலும் இறுக்கினேன். சாய்ந்தேன். டப்! தட்டின் ஓரம். டப்! டப்! உள்ளே. துப்பாக்கி சிக்கவில்லை. நான்காவது நடுவில். ஐந்தாவது அதற்குப் பக்கத்தில். நான் “ஊஊ!” என்று போட்ட கூச்சலில் பக்கத்தில் சுட்டுக்கொண்டிருந்தவர் எட்டிப் பார்த்துக் கட்டைவிரலைத் தூக்கினார்.

“குருட்டு அதிர்ஷ்டம்!” என்றான் டூயி.

அவன் இடுப்பிலிருந்த ஹார்ட்வெல்லைக் கேட்டு வாங்கினேன். புதுத் தட்டு. ஐந்தும் உள்ளே. அதுவும் நல்ல துப்பாக்கிதான், அப்பா முட்டாளில்லை. பிடி மட்டும் என் கைக்குச் சற்றுத் தடிமன். கெஸ்லர் கையில் உட்கார்ந்தது, எனக்காகவே வார்த்தது போல.

“இதுதான் ஆர்வில்,” என்றேன்.

துப்பாக்கி வாங்குகிறவர்களைப் பற்றிய வழக்கமான விசாரணைக்கு அவர் போன் போட்டு, சரி என்று பதில் வரும்வரை டூயி கல்லாப்பக்கம் குனிந்து மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தான். பிறகு மெதுவாக என் தோளில் கை வைத்தான். “நல்லாத்தான் சுட்டே அக்கா. ஆனா ஒண்ணு சொல்லிட்டேன். நன்றி நாள் விருந்துக்கு அந்தப் பிளாஸ்டிக்கோட என் வீட்டு வாசலை மிதிக்காதே.”

“மிதிக்கலைடா. இந்த வருஷம் வான்கோழி என் வீட்டுல. பசங்களையும் கூட்டிட்டு நேரத்தோட வந்து சேரு.”