வாசல் வரைக்கும் ஒரு குரல்

கத்தி முனை இன்னும் ஒரு நூல் இறங்கினால் செல்லைக் குத்தும். குத்தினால் தீ.

பத்மநாபன் மூச்சைப் பிடித்துக்கொண்டு லேப்டாப் பேட்டரியின் விளிம்போடு கத்தியை நகர்த்தினார். 'டக்'. கறுப்பு மூடி வாயைப் பிளந்தது. உள்ளே ஆறு செல்கள். ஓரத்தில் விரல் நீளத்துக்கு ஒரு பச்சை போர்டு.

"மணி என்ன?"

மேஜைக்கு எதிரே இருந்த அவர் மனைவி மைதிலி மூன்று விரல் காட்டி, நான்காவதைப் பாதி மடக்கினாள். மூன்றரை.

ஆறு மணிக்கு மல்காஜ்கிரி மண்டபத்தில் மகள் ஹர்ஷிதாவுக்கு நிச்சயதார்த்தம். பெண்ணைப் பெற்றவள் வாசலில் நின்று சம்பந்தி வீட்டாரை "வாங்க" என்று கூப்பிட வேண்டும். தொண்டை ஆபரேஷனுக்குப் பிறகு மைதிலிக்குக் குரல் இல்லை. அதற்கு முந்தின வாரமே ஹர்ஷிதா அம்மாவைப் பேசவைத்து, அந்தக் குரலை இந்தப் பழைய லேப்டாப்பில் ஏற்றியிருந்தாள். மைதிலி தட்டினால் அது அவள் குரலிலேயே பேசும். பேட்டரி செத்த மூன்று மாதமாக அந்தக் குரல் சுவர் ப்ளக்கை விட்டு நகரவில்லை.

நீள வயர் இழுக்கலாம் என்றார் பத்மநாபன். 'சம்பந்தி தடுக்கி விழட்டுமா?' என்று தட்டினாள்.

செத்தது தன்னால்தான் என்பது அவர் எண்ணம். லாலாகுடா பட்டறையில் முப்பத்தோரு வருஷமாக ரயில் பெட்டிகளுக்குக் கரன்ட் பார்க்கிறவர், வீட்டு பேட்டரியை ராப்பகலாக சார்ஜில் போட்டுக் கொன்றுவிட்டாராம். அந்த மாடலைக் கம்பெனியே நிறுத்திவிட்டது. அலைந்து திரிந்து கிடைத்தது இந்தப் பழசு ஒன்றுதான். செல்கள் சொத்தை, போர்டுக்கு மட்டும் உயிர் இருந்தது; அதில் புதுச் செல்களைக் கோர்க்க வேண்டும்.

"நக்கோ, வேணாம், அசையாத. கம்பியை விட்டுடாத."

புதிய செல்களின் கம்பிகளை மைதிலி இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். அவர் கட்டரை எடுத்துப் பழைய செல்லையும் போர்டையும் இணைக்கும் பட்டையில் வைத்தார். முதலில் கரன்ட்டைத் துண்டி, அப்புறம் வேலையைத் தொடு. முப்பத்தோரு வருஷப் பழக்கம்.

மேஜைக்கு அடியில் முழங்காலில் விழுந்தது ஓர் உதை.

"ஆ! ஏன்டி உதைக்கிற?"

மைதிலி தலையை வேகமாக ஆட்டினாள். கண்ணால் புதிய கம்பியைக் காட்டினாள்: முதலில் இது. பிறகு கட்டரை: அப்புறம் அது.

அந்தக் கண்ணை எதிர்த்து அவருக்குப் பழக்கமில்லை. புதியதைப் பற்றவைத்தார். பிறகே பழையதை வெட்டினார். பசை தடவி, மூடியைப் பொருத்தி, சுற்றிலும் டேப் ஒட்டினார். பசை இறுகும்வரை நான்கு கைகள் அதை அழுத்திப் பிடித்திருந்தன. இரண்டு கை போதும். இருவரும் கையை எடுக்கவில்லை.

நாலே முக்காலுக்குப் பேட்டரியைச் செருகி, ப்ளக்கைப் பிடுங்கினார். திரை அணையவில்லை.

மைதிலி லேப்டாப்பைக் குழந்தையைப் போல இடுப்பில் தூக்கிக்கொண்டு வாசல்வரை நடந்தாள். ஒரு கையால் தட்டினாள்.

"வாங்க, வாங்க! எல்லாரும் வாங்க!"

அவளுடைய குரல். பத்மநாபன் தோளில் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "அது சரி, உதைச்சியே, எதுக்கு?"

"ஒரு நொடி கரன்ட் போனாலும் அந்த போர்டு பூட்டிக்கும். அப்புறம் திறக்கவே திறக்காது."

"உனக்கு எப்படித் தெரியும்?"

அவள் தலையைக் குனிந்துகொண்டு தட்டினாள்.

"தினம் மன்னிப்புக் கேட்டு, காலைல காபி போட்டு வேற குடுத்தீங்களா, சொல்ல மனசு வரலைங்க. நம்ம முதல் பேட்டரி அரைமணிதான் தாங்குதேன்னு, மூணு மாசம் முன்னாடி நீங்க ட்யூட்டிக்குப் போனப்ப நானே செல் மாத்தப் பார்த்தேன். நானும் முதல்ல பழைய பட்டையைத்தான் வெட்டினேன்."