நோரீனுக்கு ஒரு முகம் வேண்டும்

சனிக்கிழமை சாயங்காலம், மெல்பர்ன் விடுதி அறையின் கட்டிலில் உட்கார்ந்து, நோரீன் டக்வெல் அன்று எடுத்த படங்களைக் கேமராவின் சின்னத் திரையில் ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தாள். அடுத்த கட்டிலில் காலை நீட்டியிருந்த கிளெனிஸ் பாஸ்கோ எழுந்து வந்து தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள்.

"முதுகு. முதுகு. இது யாரோ ஒருத்தன் பூட்ஸ். மறுபடியும் முதுகு. அடியே, இந்த ஊரோட பின்பக்கத்தை மிச்சம் வைக்காம எடுத்துட்டியே!"

"சந்தையில அந்த மீன்காரரை எடுத்தேனே?"

"மீன் அம்சமா விழுந்திருக்கு. மீன்காரருக்குத்தான் கழுத்துக்கு மேல ஒண்ணையும் காணோம்."

நோரீனும் சிரித்தாள். சிரித்தபடியே கேமராவை அணைத்து வைத்தாள்.

இருவரும் விம்மெரா கோதுமை வயல்களுக்கு நடுவே உள்ள யாராம்பா என்ற சிற்றூரைச் சேர்ந்தவர்கள். நோரீனுக்குத் தபால் நிலையத்தில் வேலை. கிளெனிஸ் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறாள். ஊர்ப் புகைப்படக் கழகம் இந்த வருடக் கண்காட்சிக்கு 'முன்பின் தெரியாதவர் முகம்' என்று தலைப்பு வைத்துவிட்டது. அப்படிப்பட்ட முகத்துக்கு யாராம்பாவில் எங்கே போவது? அங்கே நாய்க்குக்கூட எல்லாரையும் தெரியும். அதனால்தான் இந்த வார இறுதி மெல்பர்ன் பயணம்.

கிளெனிஸுக்கு அது ஒரு விளையாட்டு. நோரீனுக்கு அப்படியில்லை. போன வருடம் நடுவராக வந்தவர் அவளுடைய படங்களைப் பார்த்து, "வேலி, கிடங்கு, வானம் எல்லாம் பிரமாதம். ஆனால் இவங்க கேமராவுக்குப் பின்னாடி ஒளிஞ்சுக்கிறாங்க" என்று சபையில் சொல்லியிருந்தார். கூட்டத்தோடு சேர்ந்து நோரீனும் சிரித்து வைத்தாள். அது உண்மை என்பதுதான் உறுத்தியது. 'உங்களை ஒரு படம் எடுக்கலாமா' என்று வாய்விட்டுக் கேட்டால், வேண்டாம் என்று சொல்லிவிடுவார்களே! அந்த ஒரு சொல்லுக்கு அவள் அவ்வளவு பயந்தாள். ஞாயிறு மாலை ஊருக்கு ரயில் ஏறுவதற்குள் ஒரு முகமாவது கிடைக்காவிட்டால் கண்காட்சியில் தன் பெயரைக் கொடுப்பதில்லை என்று மனத்துக்குள் முடிவு செய்திருந்தாள்.

மறுநாள் காலை கிளெனிஸ் அவளைக் கையைப் பிடித்து இழுக்காத குறையாகக் கிளப்பினாள். ஒரு சந்தில் காப்பி குடித்தார்கள். சின்ன மழை வந்தது, வெயில் வந்தது, மறுபடி மழை வந்தது. பூங்கா வாசலில், சிவப்பு மழைக்கோட்டு போட்ட ஒரு வயதான பெண்மணி நாயோடு நின்றிருந்தாள்.

"இவங்ககிட்ட கேளு. கடிச்சா நாய்தான் கடிக்கும், இவங்க கடிக்க மாட்டாங்க," என்று கிளெனிஸ் முதுகில் கை வைத்துத் தள்ளினாள்.

நோரீன் தொண்டையைக் கனைத்தாள். "உங்களை ஒரு... ஒரு படம்..."

"எங்க பெர்சியையா? தாராளமா எடுங்க, கண்ணு!" என்று அந்தப் பெண்மணி நாயை வாரித் தூக்கித் தன் முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டாள். 'நாய் இல்லை, நீங்கள்' என்று சொல்ல நோரீனுக்கு நா எழவில்லை. பெர்சியின் முகம் மிகத் தெளிவாக விழுந்தது.

"முன்பின் தெரியாத முகம்தானே?" என்று கிளெனிஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். "நாய்க்குத் தடைன்னு விதியில எங்கயும் போடலையே!"

நடந்து நடந்து கால் ஓய்ந்து, டிராம் பாதை ஓரமாக ஒரு முக்கில் நின்றார்கள். ஈரத் தண்டவாளம் வெயிலில் மின்னியது. எதிரே ஒரு டிராம் வந்தது. அதன் ஓட்டுநரின் பார்வை தன்மேல் பட்டதும், நோரீன் தன்னையறியாமல் ஆள்காட்டி விரலை லேசாக உயர்த்தினாள். விம்மெராச் சாலைகளில் எதிரே வருவது யாரானாலும் ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலைத் தூக்கிக் காட்டிவிட்டுத்தான் போவார்கள். செய்யாவிட்டால், அவருக்கு என்ன கோபமோ என்று ஊரில் பேச்சாகிவிடும்.

டிராம் ஓட்டுநரும் ஒரு விரலைத் தூக்கினார்.

சிக்னலில் வண்டி நின்றது. ஓட்டுநர் பக்கத்துச் சன்னல் திறந்தது. நீலத் தலைப்பாகையும் நரைத்த தாடியுமாக ஒரு முகம் எட்டிப் பார்த்தது.

"நீங்க எந்த ஊரு, அக்கா? விம்மெரா பக்கமா?"

"யாராம்பா! எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

"இந்த ஊர்ல எனக்கு யாராச்சும் விரல் காட்டினா அது திட்டுற நடுவிரலாத்தான் இருக்கும்," என்று அவர் சிரித்தார். "வந்த புதுசுல உங்க பக்கம் அறுவடைக்கு லாரி ஓட்டினேன். உங்க ஊர் பேக்கரில இன்னும் அந்த இறைச்சி அடைச்ச 'பை' பலகாரம் போடுறாங்களா?"

"கைமாறிடுச்சுங்க. இப்ப உள்ளே கறியே இல்ல, வெறும் குழம்புதான்."

"அநியாயம்க்கா!"

சிக்னல் விழுந்தது. டிராம் மணியடித்துக்கொண்டு நகர்ந்தது. நோரீன் கையசைத்தபடி நின்றாள்.

"எடுத்துட்டியா?" என்றாள் கிளெனிஸ்.

நோரீன் கழுத்தில் தொங்கிய கேமராவைக் குனிந்து பார்த்தாள். லென்ஸ் மூடியைக்கூடக் கழற்றவில்லை.

"ஐயோ கிளெனிஸ்! பேசிட்டே இருந்துட்டேன்!"

"நீ பேசினதே அதிசயம், போ. சரி, அடுத்த வண்டி வரட்டும். கடைசி நிறுத்தத்துல வண்டியை நிறுத்திட்டு கொஞ்சம் காத்தாட நிப்பாரு. நானும் ஓட்டுறவதானே, எனக்குத் தெரியாதா?"

அடுத்த டிராமில் தொற்றிக்கொண்டு கடற்கரை வரை போனார்கள். கிளெனிஸ் சொன்னது சரியாக இருந்தது. முன்னால் போன டிராமின் படியருகே அவர் நின்று பிளாஸ்கிலிருந்து டீ ஊற்றிக்கொண்டிருந்தார். நோரீன் நேராகப் போனாள்.

"உங்களை ஒரு படம் எடுக்கலாமா? உங்களைத்தான். உங்க முகத்தை."

"அதுக்காகவா இவ்வளவு தூரம் வந்தீங்க?" என்றவர் உடனே கோப்பையை வைத்துவிட்டு, பாஸ்போர்ட்டுக்கு நிற்பதுபோல் விறைப்பாக நின்றார். தாடியை நீவிவிட்டார். மூச்சைக்கூடப் பிடித்துக்கொண்டார்.

நோரீன் கேமராவைக் கண்ணிலிருந்து இறக்கினாள். "அறுவடையில வண்டி எங்கயாவது சிக்கிக்கிச்சா?"

"சிக்கிச்சாவா! கேளுங்க. ஒரு மழை நாள், லோடு முழுசா இருக்கு. முதலாளி போகாதேன்னு சொன்ன பாதையில நான் போய்..." விறைப்பு கலைந்தது. கை தானாகக் காற்றில் லாரி ஓட்டியது. வண்டி சேற்றில் இறங்கிய இடம் வந்ததும் அவர் அவளை நேராகப் பார்த்து வாய்விட்டுச் சிரித்தார். நோரீன் பொத்தானை அழுத்தினாள்.

"காட்டுங்க, காட்டுங்க." அவர் திரையில் குனிந்தார். "அடேயப்பா, எனக்கு இத்தனை பல்லா!"

கிளெனிஸும் பார்த்தாள். இந்த முறை கிண்டல் இல்லை. "இதைச் சுவர்ல நட்டநடுவுல மாட்டணும்டி," என்றாள்.

திரும்பிப் போகும்போது அவருடைய வண்டியிலேயே ஏறினார்கள். கிளெனிஸ் உட்கார்ந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, அப்பாடா என்று கண்ணை மூடினாள். நோரீன் உட்காரவில்லை. கடலில் குளித்த ஈரத் தலையோடு, துண்டைக் கழுத்தில் போட்டுக்கொண்டு ஒரு பெண் சன்னலோரம் இருந்தாள். நோரீன் கம்பியைப் பிடித்தபடி அவளிடம் போனாள்.

"உன்னை ஒரு படம் எடுக்கலாமா, கண்ணு?"

"இல்ல, வேண்டாம்," என்றாள் அந்தப் பெண், புன்னகையோடு.

"சரிம்மா."

நோரீன் ஓட்டமும் நடையுமாகத் திரும்பி வந்து கிளெனிஸின் தோளைப் பிடித்து உலுக்கினாள். "கிளெனிஸ்! கிளெனிஸ்! வேண்டாம்னு சொல்லிட்டா!"

"அதுக்கு ஏன்டி பல்லைக் காட்டுற?"

பின் இருக்கையில் சுருட்டிய பாயும் வாளியுமாக உட்கார்ந்திருந்த மனிதரை நோக்கி நோரீன் அதற்குள் நடக்கத் தொடங்கியிருந்தாள்.