வாத்துக்கு உள்ள வழி

நெடுவாய்க்குடி அம்சம் ஒரு குரல் கொடுத்தால் ஏழாயிரம் வாத்துகள் ஒரே நேரத்தில் கழுத்தைத் திருப்பும். நாக்கை மடித்து அவள் எழுப்பும் அந்தச் சத்தம் திருத்துறைப்பூண்டி ரயில் நிலையம் வரை கேட்கும். ஒருமுறை அதைக் கேட்டுவிட்டு ஸ்டேஷன் மாஸ்டர் பச்சைக் கொடியே காட்டிவிட்டார். ஏழாயிரமா என்று இழுப்பவர்களுக்காகச் சொல்கிறேன்: சரியாகச் சொன்னால் நாலாயிரத்துச் சொச்சம். ஆனால் அந்த மந்தை ரோட்டைக் கடக்கும்போது பஸ்ஸை நிறுத்திவிட்டு டிரைவரும் கண்டக்டரும் டீ குடித்து, வெற்றிலை போட்டு, சண்டை போட்டு, சமாதானமாகித் திரும்பி வந்தாலும் கடைசி வாத்து வந்து சேர்ந்திருக்காது. அதை நேரில் பார்த்த எவனும் ஏழாயிரத்துக்குக் கீழே இறங்க மாட்டான்.

அத்தனையையும் அவள் ஒரே காலைப்பொழுதில் விட்டாள். எட்டடி அகலமுள்ள ஒரு பாதைக்காக.

நான் தாலுகா ஆபீஸில் சர்வேயராக இருந்தவன். அவளை முதன்முதலில் பார்த்தது எழுபத்திரண்டில். பண்ணையார் இடத்தில் குடிசை போட்டிருந்த விவசாயக் கூலிகளுக்கு, அவர்கள் குடியிருந்த மனையையே பட்டா போட்டுக் கொடுக்கச் சர்க்கார் உத்தரவு வந்திருந்தது. அவள் அப்பா கூலி உயர்வு கேட்டுச் சங்கத்தில் சேர்ந்தவர். அதற்காக ஐப்பசி மழையில் சட்டிபானையோடு வெளியே தள்ளப்பட்டு, மறுபடி வந்து அதே இடத்தில் கூரை போட்டவர். அவர் வாசலில் நான் அளவுச் சங்கிலியைப் போட்டு, உத்தரவில் உள்ள அளவுக்கு மனையைக் குறித்துக்கொண்டிருந்தேன். நல்ல வெயில். பதினேழு வயசுப் பெண் ஒருத்தி இடுப்பில் கைவைத்துப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"சார், சங்கிலி தொய்யுது."

"தொய்ஞ்சா என்ன?"

"தொய்ஞ்சா எங்க மனை சுருங்குமே சார்!"

எனக்குச் சர்வே டிரெயினிங்கில் மூன்று மாதம் சொல்லிக்கொடுத்ததை அவள் மூன்று நிமிஷத்தில் பார்த்தே கண்டுபிடித்திருந்தாள். சங்கிலியை வில் நாண்போல இழுத்துப் பிடித்து மறுபடி அளந்தேன். அவர்களுக்கு ஒரு முழம் கூடுதலாகக் கிடைத்தது. அந்த ஒரு முழத்தில்தான் அவள் முதல் வாத்துப்பட்டியைக் கட்டினாள்.

இரண்டு வருஷம் கழித்து, அறுவடையில் கூலியாகக் கிடைத்த நெல்லைக் கொடுத்து அவள் வாங்கியது பன்னிரண்டு குஞ்சுகள். அறுத்த வயலில் சிந்திய நெல்லும், நத்தையும், புழுவும் வாத்துக்குச் சாப்பாடு. வாத்து போடும் எச்சம் வயலுக்கு உரம். ஆகவே எந்த விவசாயியும் வாத்தை வரவேற்பான். ஆனால் கேட்காமல் இறக்கினால் கம்பை எடுத்துக்கொண்டு வருவான். அம்சம் கேட்டாள். வரப்பு வரப்பாக நடந்து, ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்று கேட்டாள். எவன் வயல் என்றைக்கு அறுப்பு, எந்த வயலில் நண்டு அதிகம், எந்த வாய்க்கால் என்றைக்கு வற்றும் என்பதெல்லாம் அவளுக்கு மனப்பாடம். எந்த வயலில் என்ன பயிர் என்று எழுதி நாங்கள் ஆபீஸில் பூட்டிவைத்திருந்த அடங்கல் பதிவேடு எரிந்துபோயிருந்தால் அம்சத்தை உட்காரவைத்து மறுபடி எழுதியிருக்கலாம். பன்னிரண்டு நூறாகி, நூறு ஆயிரமாகி, திருத்துறைப்பூண்டி முட்டை வியாபாரி ஜெகபர் அலி பாய் அவள் முட்டைகளை லாரி லாரியாகக் கேரளாவுக்கு அனுப்பினார். அங்கே கல்யாணங்களே அவள் முட்டைக்காகத் தள்ளிப்போயின. ஓட்டு வீடு கட்டினாள். எட்டுப் பேருக்கு வேலை கொடுத்தாள். ஆட்சிகள் மாறின, சுவரில் வரைந்த சின்னங்கள் மாறின, வாத்துகள் பெருகிக்கொண்டே இருந்தன.

மாறாதது ஒன்று. அவள் தெருவுக்கும் அவர்களுடைய இடுகாட்டுக்கும் நடுவே மிராசுதார் குஞ்சிதபாதத்தின் பதினாறு மா வயல், ஐந்து ஏக்கருக்கு மேல், கிடந்தது. பிணம் அந்த வயல் வழியே போகக்கூடாது. சுற்றி, வாய்க்காலில் இறங்கித்தான் போகவேண்டும். அது வழக்கமாம்.

தொண்ணூற்றாறு தை மாதம் அவள் அம்மா இறந்தார். வாய்க்காலில் மார்பளவு தண்ணீர். பாடையைத் தூக்கியவர்களில் ஒருவன் சேற்றில் சறுக்க, தண்ணீர் உள்ளே புகுந்துவிட்டது. கரையேறியதும் அம்சம் தன் முந்தானையால் அம்மாவின் தலையைத் துவட்டினாள். செத்தவருக்குச் சளி பிடித்துவிடும் என்பதுபோல, நிதானமாக, இரண்டு காதுகளுக்கும் பின்னால் துடைத்துவிட்டாளாம். உடன்போன ஆண்கள் சொன்னது இது.

மூன்று வாரம் கழித்து சம்பா அறுவடை முடிந்தது. குஞ்சிதபாதமே ஸ்கூட்டரில் வந்து இறங்கினார்.

"ஏ அம்சம், வயல் காலியாயிடுச்சு. வாத்த ஓட்டியாந்துடு."

"எந்த வழியா ஐயா?"

"என்ன புதுசா கேக்குற? வயல்ல எறங்கி நேரா வரவேண்டியதுதான்."

"அப்ப பயிர் இருந்துச்சு, சரி. இப்பத்தான் வெறுந்தரையாச்சே. இனிமே எங்க தெருவுல யாரும் செத்தா இப்படியே தூக்கிட்டுப் போலாமா?"

"அதெப்படி? வழக்கம்னு ஒண்ணு இருக்குல்ல!"

"என் வாத்து போலாம். எங்கம்மா போவக்கூடாது."

"வாத்து ஒரம் போடுது அம்சம்."

அவள் அன்றைக்கு வாத்துகளை ஓட்டவில்லை. அப்புறமும் ஓட்டவில்லை.

ஜமாபந்தியன்று, அதாவது வருஷத்துக்கொரு முறை அதிகாரிகள் நில மனுக்களை உட்கார்ந்து விசாரிக்கும் நாளில், அவள் என் மேஜைக்கு வந்தாள்.

"சர்வேயர் சார், அந்த வயல்ல வழி இருக்கா இல்லியான்னு பாத்துச் சொல்லுங்க."

வரைபடத்தை விரித்தேன். பதினாறு மாவின் நடுவே எறும்பு ஊர்ந்ததுபோல ஒரு புள்ளிக்கோடு, இடுகாடு வரைக்கும்.

"இருக்கு. நடைபாதைப் புறம்போக்கு. எட்டடி."

"எப்பலேருந்து?"

"வெள்ளைக்காரன் காலத்துலேருந்து."

"அப்ப எங்கம்மா ஏன் சார் வாய்க்கால்ல போனாங்க?"

முப்பது வருஷ சர்வீஸில் எத்தனையோ எல்லைத் தகராறுகளைப் பைசல் செய்தவன் நான். அன்றைக்கு வரைபடத்தை மடித்துவைத்துவிட்டு அவளைத் தாசில்தாரிடம் அனுப்பினேன். அவர் பஞ்சாயத்துத் தீர்மானம் கொண்டுவரச் சொன்னார். பஞ்சாயத்து கிளார்க் கைவிரித்தார்.

"தலைவர் இருந்தாத்தானேம்மா தீர்மானம்? உள்ளாட்சித் தேர்தல் நடந்து பத்து வருஷமாச்சு. தலைவர் வரட்டும், பாக்கலாம்."

"எப்ப வருவாரு?"

"வரும்போது வருவாரு."

"சரிங்க. அப்ப நானே வந்துடுறேன்."

வந்துவிட்டாள்! அந்தப் புரட்டாசியில் தேர்தல் அறிவித்தார்கள். நெடுவாய்க்குடித் தலைவர் பதவி பெண்களுக்கு ஒதுக்கப்பட்டிருந்தது. அம்சம் மனு போட்டாள். குஞ்சிதபாதம் தன் மனைவி ஞானாம்பாளை நிறுத்தினார். ஞானாம்பாள் நல்ல மனுஷி. ஆனால் தான் நிற்பதே அவருக்கு மூன்று நாள் கழித்துத்தான் தெரியும் என்பார்கள்.

அப்புறம் குஞ்சிதபாதம் தன் பெரிய ஆயுதத்தை எடுத்தார். சுற்றுவட்டார மிராசுதார்களை ரைஸ் மில்லில் கூட்டினார். அம்சத்தின் வாத்து இனி ஒருவர் வயலிலும் இறங்கக்கூடாது என்று பேசி முடித்தார்கள். குறுவை அறுவடை முடிந்து வயலெல்லாம் நெல் சிந்திக் கிடக்கும் நேரம். வருஷத்தில் வாத்து கொழுக்கும் மாதமே அதுதான். நாலாயிரம் வாத்துகள் வாய்க்கால் கரையில் நின்று, எதிரே கிடக்கும் சாப்பாட்டைப் பார்த்துக் கத்தின. அந்தக் கத்தலில் மூன்று ஊர்களில் தூக்கம் போயிற்று. ஐந்தே நாளில் முட்டை பாதியாகக் குறைந்தது.

வாபஸ் வாங்கக் கடைசி நாளுக்கு முந்தின சாயங்காலம் ஸ்கூட்டர் மறுபடி வந்தது.

"நாளைக்கு மூணு மணி வரைக்கும் டயம் இருக்கு. ஒரு கையெழுத்து. வயல் பூரா ஒனக்குத்தான். இல்லேன்னா ஒன் வாத்து பட்டினி கெடந்து சாவும், அம்சம். நான் சொல்லிட்டேன்."

"நாளைக்கு வர்றேங்க ஐயா" என்றாள் அம்சம்.

மறுநாள் விடிந்ததும் ஜெகபர் அலி பாயின் லாரிகள் மூன்று அவள் வாசலில் நின்றன. வரச்சொல்லி அனுப்பியவள் அவள்தான். மூங்கில் கூடைகளில் வாத்துகளை ஏற்ற ஏற்ற, பாய்தான் தொப்பியைக் கழற்றுவதும் போடுவதுமாகத் தவித்தார்.

"யோசிச்சுக்கம்மா. இருபத்திரெண்டு வருஷம். நான் கொஞ்ச நாள் தீவனம் போட்டுப் பாக்குறேன், அப்புறம் ஓட்டியாந்துக்க."

"யோசிச்சிட்டேன் பாய். இதுக இருக்குற வரைக்கும் என் கழுத்து அவங்க வரப்புல கெடக்கு. பாவம், பட்டினியா நிக்கிதுக. கேரளாவுக்கு நல்ல எடத்துக்கா பாத்து அனுப்புங்க."

பன்னிரண்டை மட்டும் நிறுத்திக்கொண்டாள். கடைசி லாரி கிளம்பியபோது, பழக்கத்தில், நாக்கை மடித்து அந்தச் சத்தத்தை எழுப்பினாள். மூன்று லாரிகளிலும் அத்தனை கூடைகளிலும் அத்தனை கழுத்துகளும் ஒரே சமயத்தில் அவள் பக்கம் திரும்பின. ஜெகபர் அலி லாரியின் மறுபக்கம் போய் நின்றுகொண்டார். இதில் நான் ஒரு கழுத்தைக்கூடக் கூட்டவில்லை.

வாத்து விற்ற செய்தி அவளுக்கு முன்னால் ஒன்றிய அலுவலகத்துக்கு வந்துவிட்டது. குஞ்சிதபாதம் குளிர்ந்துபோனார். அம்சம் தொழிலையே மூட்டை கட்டிவிட்டாள், இனி ஒரு கையெழுத்துதான் பாக்கி என்று எல்லாருக்கும் லட்டு கொடுத்தார். தேர்தல் டியூட்டியில் இருந்த எனக்கும் ஒன்று வந்தது. இரண்டே முக்காலுக்கு அம்சம் உள்ளே நுழைந்தாள். கூட்டம் வழிவிட்டது. நேராகப் போய்ப் பெஞ்சில் உட்கார்ந்தாள்.

"என்ன அம்சம், கையெழுத்துப் போடலியா?" என்றார் குஞ்சிதபாதம்.

"மூணு அடிக்கட்டுங்க ஐயா."

"மூணு அடிச்சா டயம் முடிஞ்சிடும்."

"ஆமாங்க. அப்புறந்தானே சின்னம் குடுப்பாங்க? அதை வாங்கிட்டுப் போவத்தான் வந்தேன்."

சுவர்க்கடிகாரம் மூன்று அடித்தது. அன்றைக்கு அடித்த மாதிரி அந்தக் கடிகாரம் அதற்கு முன்னும் அடித்ததில்லை, பின்னும் அடித்ததில்லை. பாதி தின்ற லட்டை நான் காகிதத்தில் மடித்து மேஜைமேல் வைத்தேன். குஞ்சிதபாதம் அவளையே பார்த்தார். இருபத்திரண்டு வருஷச் சம்பாத்தியத்தைக் காலையில் லாரியில் ஏற்றிவிட்டு, மத்தியானம் புடவை மாற்றிக்கொண்டு வந்து பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் ஒரு மனுஷியை அவர் அதுவரை பார்த்ததில்லை. நானும் பார்த்ததில்லை. அவளுக்குப் பூட்டு சாவி சின்னம் கிடைத்தது.

ஆறாயிரம் ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தாள் என்று எழுத எனக்கு ஆசைதான். ஆனால் ஊரிலேயே மொத்தம் ஆயிரத்து நூறு ஓட்டு. அறுபத்தோரு ஓட்டில் ஜெயித்தாள். முதல் கூட்டத்தில் முதல் தீர்மானமாக அந்தப் பாதையைப் போட்டாள். கையெழுத்துக்குக் கீழே பேனாவை அழுத்தி அவள் வைத்த புள்ளி பின்னால் நாலு பக்கத்துக்கு இறங்கியிருந்தது.

சம்பா அறுவடை முடிந்த மாசி மாதம் அளக்கப் போனேன். ரிட்டயர் ஆக எனக்கு இருபது நாள் இருந்தது. வயலோரம் குஞ்சிதபாதம் குடைபிடித்து நின்றார். ஒரு வருஷமாக வாத்து இறங்காத வயல். ஒவ்வொரு நத்தையும் பஞ்சாமிர்த டப்பா பெரிசுக்கு இருந்தது. வரப்பில் கால் வைக்கவே பயந்தேன்.

"எட்டடி, தலைவரம்மா. இங்கேருந்து ஆரம்பிக்கலாங்களா?" என்றேன்.

அவள் இடுப்பில் கைவைத்துப் பார்த்தாள்.

"சங்கிலி தொய்யுது சார்."

இழுத்துப் பிடித்தேன். சரியாக எட்டடி. சங்கிலியில் ஒரு லிங்க், ஒரு கண்ணி, கூடவும் இல்லை, குறையவும் இல்லை. கல் நட்டோம். கடைசிக் கல் ஊன்றியதும் அவள் பாதையில் இறங்கி நடந்தாள். பன்னிரண்டு வாத்துகளும் பின்னால் வரிசையாகப் போயின. இடுகாடு வரை போனாள். திரும்பி வந்து நட்ட கல்லின் பக்கத்தில் உட்கார்ந்து, காலைத் தூக்கி உள்ளங்காலைப் பார்த்தாள்.

"பாருங்க சார். புழுதி" என்றாள். "வெறும் புழுதிதான்."

எனக்கு அந்தக் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளவேண்டும் போல இருந்தது. சர்க்கார் உத்தியோகம், சங்கிலியைச் சுருட்டினேன்.

குஞ்சிதபாதம் குடையை மடக்கிக்கொண்டு பக்கத்தில் வந்தார். பன்னிரண்டு வாத்துகளும் அவர் வயல் நத்தைகளை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டு நின்றன.

"வழியத்தான் போட்டாச்சே அம்சம். இந்தப் பன்னண்டையாவது எறக்கி வுடேன். நத்தை தாங்கல."

அம்சம் எழுந்து புடவையைத் தட்டினாள்.

"மனு எழுதிக் குடுங்க ஐயா. பஞ்சாயத்துல வெச்சுப் பாக்குறோம்."